மூன்று மில்லி குறைந்த கட்டங்கள்: ஒரு குவில்ட்டின் நூல் வழக்கு

ஆனி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, நங்கநல்லூரிலிருந்து ஒரு மாமி ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் தையல் அறைக்கு வந்தார். கையில் இரண்டு கட்டைப்பை. ஒன்றில் 80 துணிக் கட்டங்கள், பத்துப் பத்தாக அடுக்கிப் பாவாடை நாடாவால் கட்டியிருந்தன. இன்னொன்றில் ஒரு குஷன் உறையும், ஒரு பிஸ்கட் டின் நிறைய நூலும்.

"பேரனுக்கு குவில்ட் தைக்கறேன்மா. நாலு மாசமா உக்காந்து தைச்சது, இப்போ ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்கறது. குஷன் உறையில பழகிப் பாத்தேன், அதுல நூல் அறுந்துண்டே இருக்கு. மெஷின் போயிடுத்தா, நான் போயிட்டேனா, பாத்துச் சொல்லு."

நான் இருபது வருடமாக பிளவுஸ் தைக்கிறவள். குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து மூன்று அடுக்காகத் தைக்கும் விரிப்பு, கடந்த சில வருடங்களாகத்தான். மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தை போல எதற்கு என்று சென்னை வெயிலில் யாரும் கேட்பார்கள், ஏ.சி. ஓடும் அறைகள் வந்தபிறகு அந்தக் கேள்வி குறைந்துவிட்டது. துணித் துண்டுகளை ஒட்டி அலங்காரம் செய்வது நமக்குப் புதிதும் அல்ல. தேரில் தொங்கும் தொம்பைகளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதெல்லாம் வெட்டி ஒட்டித் தைத்த வேலைதான். ஆனால் தொம்பையை யாரும் வாரம் ஒருமுறை வாஷிங் மெஷினில் போடுவதில்லை. பேரனின் குவில்ட்டைப் போடுவார்கள். இந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

வந்த நிலை

துணிகள் எல்லாம் பருத்தி. மாமியின் பழைய சுங்குடிப் புடவைகள், இரண்டு கட்டம் போட்ட லுங்கி, கோடவுன் தெருவில் வாங்கிய கிரீம் நிற கேம்பிரிக். 3 இஞ்ச் சதுரத் துண்டுகள் ஒன்பது சேர்ந்தால் ஒரு கட்டம். உள்ளே வரும் தையல்களுக்குக் கால் இஞ்ச் மார்ஜின் போனால் கட்டம் சரியாக 8 இஞ்ச் வர வேண்டும், அதாவது 203 மில்லிமீட்டர். அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று 80 கட்டம். கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் இன்னும் அரை இஞ்ச் தையலுக்குள் போகும், ஆக முடிந்த விரிப்பு 60-க்கு 75 இஞ்ச். மெஷின் பழைய கறுப்பு உஷா, பின்னால் மோட்டார் மாட்டியது.

முதல் வேலையாக 80 கட்டத்தையும் இரும்பு ஸ்கேலால் அளந்தேன். டேப் வைத்து அளக்கக் கூடாது. தையல்காரர் டேப் வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். அளந்து முடித்தபோது மேஜையில் இரண்டு குவியல். ஒன்றில் 43 கட்டம், எல்லாம் 203 அல்லது 202. இன்னொன்றில் 37, எல்லாம் 200-ஐ ஒட்டி. நடுவில் ஒன்றுகூட இல்லை.

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. கை நடுங்கித் தைத்திருந்தால் அளவுகள் 199, 201, 204 என்று சிதறியிருக்கும். இரண்டே குவியலாகப் பிரிகிறது என்றால் மாமியின் கை சுத்தம். ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

"நடுவுல என்ன மாத்தினீங்க மாமி?"

"ஒண்ணும் மாத்தலையே."

காபி குடித்து முடிக்கும்போது நினைவு வந்தது. "இரு இரு. நூல் தீரப்போறாப்பல இருந்துது. காட்டன் துணிக்குக் காட்டன் நூல்தான் போடணும், பாலியஸ்டர் போட்டா துணியை அறுத்துடும்னு நாத்தனார் பொண்ணு சொன்னா. அப்பதான் என் பொண்ணு நியூ ஜெர்சிலேர்ந்து ரெண்டு ரீல் அனுப்பியிருந்தா. அதைப் போட்டேன்."

நூலை எடை போட்டது

பிஸ்கட் டின்னைத் திறந்தோம். முதல் 43 கட்டம் தைத்த நூல், எல்லாத் தையல் கடையிலும் தொங்கும் சாதாரண ஸ்பன் பாலியஸ்டர் கோன், உள்ளே 40/2 என்று அச்சடித்திருந்தது. அடுத்த 37 கட்டம் தைத்த வெளிநாட்டு ரீலில் நூறு சதவீதம் பருத்தி என்று பெரிதாகவும், கையால் குவில்ட் செய்வதற்கு என்று எறும்பு எழுத்தில் ஓரமாகவும் இருந்தது. பருமன் எண் எதுவும் இல்லை.

எண் இல்லாத நூலை என்ன செய்வது? எடை போடுவதுதான். ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுதான் அதன் டெக்ஸ். ஆயிரம் மீட்டர் அளக்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி. அவற்றைச் சுற்றிப் பத்துச் சுற்றுச் சுற்றினால் 20 மீட்டர். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசில் வைத்து, வந்ததை 50-ஆல் பெருக்கினால் டெக்ஸ். தையல் கற்கும் பெண்களுக்கு நான் முதல் வாரமே இதைச் செய்துகாட்டுவது வழக்கம்.

40/2 கோன்: 0.58 கிராம், டெக்ஸ் 29. வெளிநாட்டு ரீல்: 0.90 கிராம், டெக்ஸ் 45. ஒன்றரை மடங்கு கனம். மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். இருக்கும். நூலின் கனத்தைக் கண் சரியாகச் சொல்வதே இல்லை, நிறமும் பளபளப்பும் ஏமாற்றிவிடும்.

இந்த எண்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் குழம்பாத ஆள் குறைவு. விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையில் வேலை பார்த்த என் மாமனார் சொல்லித் தந்த கணக்கு இது. பருத்தி நூல் எண் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல் கண்டு, அதாவது சிட்டம், எத்தனை இருக்கிறது என்பது. 40-ம் நம்பர் என்றால் 40 சிட்டம். எண் ஏற ஏற நூல் மெலியும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது, அதாவது எத்தனை புரி. ஆகவே 50/2-ஐவிட 50/3 கனமானது: முன்னது டெக்ஸ் 24 அளவில், பின்னது 35. இரண்டின் லேபிளிலும் கண்ணில் படுவது 50 மட்டும். போதாததற்கு, வெளிநாட்டு நூல்களில் போடும் வெயிட் கணக்கில் 50 என்றால் 50 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ, டெக்ஸ் 20. தொழிற்சாலைகளில் சொல்லும் டிக்கெட் எண் இன்னொரு கணக்கு. 3000-ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய டெக்ஸ் வரும். நம்மூர்க் கடையில் 40/2 என்பதும் டிக்கெட் 120 என்பதும் கிட்டத்தட்ட ஒரே நூல். "50 நம்பர் நூல் கொடுங்க" என்று கேட்பது "சாரதாவைப் பார்த்தீர்களா" என்று மாம்பலத்தில் கேட்பதுபோல. எந்தச் சாரதா?

நான் செய்த தப்பு

கனமான நூல், ஆகையால் கட்டம் சிறுத்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். காரணமும் சரியாகவே இருக்கிறது: இரண்டு துணியை மேலும் கீழுமாக வைத்துத் தைத்துப் பிரித்து மடிக்கும்போது, மடிப்பு நூலைச் சுற்றித்தான் வளைய வேண்டும். நூல் கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால் அந்த வளைவு கொஞ்சம் துணியைத் தின்னும். துண்டு சேர்ப்பவர்கள் கால் இஞ்சுக்கு ஓர் இழைப் பருமன் உள்ளே தைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் மாமியிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நல்லவேளை. என் மெஷினில், ஒரே துணி, ஒரே ஊசி, துணியை அழுத்திப் பிடித்துக் கால் இஞ்ச் அளவும் காட்டும் ஃபுட். 11 பட்டைகளை 10 தையலால் சேர்த்தேன், முதலில் 40/2-ல், பிறகு வெளிநாட்டு ரீலில். தேய்த்து அளந்தால் வித்தியாசம் 3 மில்லி. பத்துத் தையலுக்கு 3 மில்லி, ஒரு தையலுக்கு 0.3. மாமியின் கட்டத்தில் குறுக்கே இரண்டே தையல். ஆக நூல் தின்றது 0.6 மில்லி. காணாமல் போனதோ 3 மில்லி. ஐந்தில் ஒரு பங்குதான் நூல் கணக்கில் வருகிறது. மீதி?

மறுநாள் மாமி வீட்டுக்கே போய் மெஷினைப் பார்த்தேன். ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாயையும் வரச்சொல்லியிருந்தேன். அவர் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளைக் கழற்றி, நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிக் காட்டினார். மெழுகு மாதிரி வெளுத்த பொடி. "இந்த நூல்ல பூச்சு இருக்கும்மா. கையில தைக்கிற நூலு. மெஷின்ல ஓட்டினா பூச்சு பூரா இங்கதான் இறங்கும்." கையால் குவில்ட் செய்யும் நூலுக்கு மெருகுப் பூச்சு போடுவது, அது சிக்கலாகாமல் பஞ்சடுக்குக்குள் வழுக்கிப் போவதற்கு. மெஷினில் தட்டுகளுக்கு நடுவே அழுந்தி ஓடும்போது அந்தப் பூச்சு உரிந்து சேரும். டென்ஷன் ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் விடும். கீழே, பாபின் உட்காரும் ஷட்டில் பக்கம், பஞ்சுத் தூசி.

அப்போதுதான் ஊசித் தட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தேன். கால் இஞ்ச் அடையாளத்துக்கு மாமி ஒட்டிக்கொண்டது. துணி ஓரம் அதை ஒட்டியே போகும். அதற்குப் பக்கத்தில் பழைய பசையின் கறை, மெல்லிய கோடாக. கறைக்கும் இப்போதைய பிளாஸ்திரி விளிம்புக்கும் நடுவே அரை மில்லிக்குச் சற்றே மேல்.

"இதை எடுத்து ஒட்டினீங்களா?"

"தூசி அடைச்சுண்டு பாபின் சுத்தவே இல்லை. தட்டைக் கழட்டித் துடைச்சேன். அப்புறம் புதுசா ஒட்டினேன்."

கணக்கு நேராக வந்துவிட்டது. பிளாஸ்திரி 0.6 மில்லி வெளியே நகர்ந்தால், ஒரு தையலின் இரண்டு பக்கமும் சேர்ந்து 1.2 போகும். இரண்டு தையலுக்கு 2.4. நூல் தின்ற 0.6-ஐயும் கூட்டினால் 3. பிளாஸ்திரியை நகர்த்த வைத்தது தூசி, தூசியைக் கொட்டியது நூல். அந்த வகையில் நூலுக்கும் இதில் கை உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனாலும் நூலை மட்டும் மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தால் மாமி இன்னும் 37 கட்டம் தைத்து, அதுவும் 2.4 மில்லி குறைந்து, மறுபடி என் வாசலில் வந்து நின்றிருப்பார்.

தூசி பற்றி ஒரு வார்த்தை. பருத்தி நூல் என்றாலே தூசி என்பதும் சரியில்லை. நீள இழைப் பருத்தியில் நூற்று, மேல் பிசிறைச் சுட்டுப் பொசுக்கி, மெர்சரைஸ் செய்த, அதாவது காரத்தில் நனைத்து மெருகேற்றிய, நூல் குறைவாகத்தான் உதிர்க்கும். மறுபக்கம், ஸ்பன் பாலியஸ்டரும் வெட்டிய குட்டை இழைகளை நூற்றதே, அதுவும் உதிர்க்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எதில் மயிர் அதிகமோ அது தூசி.

பாலியஸ்டர் அறுக்குமா?

நாத்தனார் பெண் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது, பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். தையல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பது நியாயமான விதி. நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், துணி கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மாமியின் சுங்குடி முப்பது வருடப் புடவை என்பதால் அந்தக் கவலைக்கு இடம் உண்டு. ஆனால் இது நூலின் வலுவைப் பற்றிய விதி, இழையின் ஜாதியைப் பற்றியது அல்ல. கனமான பருத்தி நூலும் நைந்த துணியை இழுத்துக் கிழிக்கும். நாம் போட்டுத் துவைக்கும் ரெடிமேட் பருத்திச் சட்டைகளில் ஓடுவது பெரும்பாலும் பாலியஸ்டரோ பாலியஸ்டர் கலந்த நூலோதான். காலர் நைந்துபோகிறது, தையல் ஓரத்தில் வெட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. மெலிந்த பாலியஸ்டரை நான் தயங்காமல் போடுகிறேன். பருத்தி நூலில் தேய்த்தால் தையல் தட்டையாகப் படியும் அழகு தனி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இஸ்திரிச் சூட்டுக்கு பாலியஸ்டர் உருகாதா என்றால், அது உருகுவது 250 டிகிரிக்கு மேல். காட்டன் சூடு சுமார் 200. தாங்கும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் என்று விற்பதைத்தான் பருத்திச் சூட்டில் தேய்க்கக் கூடாது.

குஷன் உறை

இரண்டாவது புகார் வேறு ரகம். மாமி விரிப்பின் மேல் சிவப்புப் பளபளப்பாகத் தையல் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு, தி.நகரில் ஒரு கடையில் சில்க் த்ரெட் வாங்கியிருந்தார். வளையலும் ஜிமிக்கியும் சுற்றுவதற்குப் பெண்கள் வாங்குவார்களே, அதே. குஷன் உறையில் ஒரு முழம் ஓடுவதற்குள் நூல் பிரிந்து அறுந்தது. ஒருமுறை நனைத்துத் துவைத்ததில், அறுந்த இடம் போதாதென்று கிரீம் துணி முழுக்க ரோஜா நிறம்.

சில்க் த்ரெட்டில் பட்டு இருப்பதில்லை. ரேயானாக இருக்கும் அல்லது பாலியஸ்டராக இருக்கும். எது என்று பார்க்க அடுப்பங்கரை போதும். நாலு விரல்கடை நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். காகிதம் எரிந்த வாசனை, ஊதினால் பறக்கும் சாம்பல். பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கடினமான கறுப்பு உருண்டையாகச் சுருண்டிருக்கும். சரி, பருத்தியோ ரேயானோ. இன்னொரு துண்டை எடுத்து நடுவில் மட்டும் நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு முனையையும் இழுத்தேன். ஈரம் பட்ட இடத்திலேயே பட்டென்று அறுந்தது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும். ரேயான் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். குழந்தை விரிப்புக்கு, அதுவும் அடிக்கடி நனையப்போகிற விரிப்புக்கு, இதைவிடப் பொருத்தமில்லாத நூலைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஜிமிக்கிக்கு அருமையான நூல். ஜிமிக்கியை யார் துவைக்கிறார்கள்?

துவைப்பதற்கு முன்பே ஓட்டத்தில் அறுந்ததற்குக் காரணம் வேறு. அந்த நூலில் முறுக்கு மிகக் குறைவு, பளபளப்பு அதனால்தான் வருகிறது. மாமி போட்டிருந்தது 11-ம் நம்பர் ஊசி. நூல் ஊசிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஊசியைக் கழற்றி அரை முழ நூலைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடித்து ஊசியை மேல் முனையில் விட வேண்டும். தானாக வழுக்கி இறங்கினால் சரி. 11-ல் பாதி வழியில் நின்றது, நூல் பஞ்சாகப் பிரிந்தது. 14-ல் லேசாகச் சுழன்றபடி கீழே வந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரே இடத்து நூல் ஊசிக் கண்ணில் பலமுறை மேலும் கீழும் போய்வந்த பிறகுதான் துணிக்குள் உட்காருகிறது. கண் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அரம் போட்டதுபோல.

வேடிக்கை என்னவென்றால், துண்டு சேர்க்கும்போது மாமி போட்டிருந்தது 16. அந்த மெல்லிய கேம்பிரிக்கில் கொசு கடித்த மாதிரி ஓட்டைகள். கனமான வேலைக்கு மெல்லிய ஊசி, மெல்லிய வேலைக்குக் கனமான ஊசி, நேர் எதிராக. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டு மெஷினோடு 16-ம் நம்பர் ஊசிதான் வரும், அது உடையும்வரை அதுவே ஓடும்.

சாயம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடர் சிவப்பு, கருநீலம், மரூன் எதுவானாலும் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணி மடிப்பில் வைத்து இஸ்திரி போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். 1950-களின் கடைசியில் அமெரிக்கா போன மெட்ராஸ் செக் துணி சாயம் விட்டபோது, சாயம் விடுவதுதான் அதன் சிறப்பு என்றே விளம்பரம் செய்து விற்றுவிட்டார்கள். மாமியிடம் சொன்னேன். "அந்த சாமர்த்தியம் நமக்கு வருமா" என்றார்.

தீர்வு

37 கட்டத்தைப் பிரித்துத் தைப்பதா? மாமி தயாராகத்தான் இருந்தார், நான் வேண்டாம் என்றேன். பூச்சு நூல் கனமானது, சிறு தையல். பிரிக்கும்போது சுங்குடி நைந்துபோகும். அதற்குப் பதில் பெரிய 43-ஐயும் நாலு பக்கமும் ஒன்றரை மில்லி சீவி 200-க்குக் கொண்டுவந்தோம். கட்டத்துக்குக் கட்டம் உள் தையல்கள் முக்கால் மில்லி தள்ளி நிற்கும். கட்டிலில் விரித்தால் எந்த மாமியாரும் கண்டுபிடிக்க முடியாது. அகலம் 60-க்குப் பதில் 59 இஞ்ச், நீளம் 75-க்குப் பதில் 73¾. சுற்றி 2 இஞ்ச் பார்டர் கொடுத்து மாமி அதைச் சரிக்கட்டினார்.

கட்டங்களைச் சேர்க்க மறுபடி 40/2 ஸ்பன் பாலியஸ்டர், ஆனால் ஒரே சாம்பல் நிறக் கோன். வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். துண்டு சேர்க்கும் தையல் உள்ளே போய்விடும், நடுத்தரச் சாம்பல் எல்லாத் துணிக்கும் அடங்கும். ஊசி 11. தையல் நீளம் 2.5 மில்லி, இஞ்சுக்குப் பத்து. பிளாஸ்திரியை உரித்துவிட்டு, கால் இஞ்ச் ஃபுட் வாங்கி மாட்டினோம்.

மேல் குவில்ட் தையலுக்கு வேறு நூல் வேண்டும். துண்டு சேர்க்கும் நூல் இருக்கும் இடம் தெரியக் கூடாது, குவில்ட் நூல் தெரிய வேண்டும், அதோடு மூன்று அடுக்கைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். மாமி நடு அடுக்கில் பஞ்சுக்குப் பதில் துவைத்துத் துவைத்து மெத்தென்றான எட்டு முழ வேட்டி இரண்டை வைத்திருந்தார். நம் ஊருக்கு அது போதும், ஆனால் நெருக்கமான நெசவு, ஊசிக்கு வேலை அதிகம்.

மாமி நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்கி, சௌகார்பேட்டையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்காரர்கள் வாங்கும் பாலியஸ்டர் நூல் ஒரு கோன் வாங்கி வந்தார். 40 என்று போட்டிருந்தது. 20 மீட்டர் 0.54 கிராம், டெக்ஸ் 27. நெருப்பில் உருண்டையானது, ஈரத்தில் அறுபடவில்லை, சாயம் விடவில்லை. நிறம் மட்டும் சிவப்பு வேண்டாம், வைக்கோல் நிறம் போதும் என்று நானே வற்புறுத்தினேன். சிவப்புத் தையல் நேராக ஓடினால் அழகு, ஒரு இடத்தில் கோணினாலும் தெரு முனைக்குத் தெரியும். கடையில் கண்டாகப் பார்க்கும் நிறமும் துணிமேல் ஒற்றை இழையாக ஓடும் நிறமும் வேறு வேறு. ஒரு இழையை இழுத்துத் துணிமேல் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கோன் பெரிது, உஷாவின் ஆணியில் உட்காரவில்லை. குறுக்கு மறுக்காகச் சுற்றிய கோனில் நூல் உச்சியிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் வெட்டி வெட்டி வரும். ஒரு எவர்சில்வர் சொம்பில் கோனை நிறுத்தி மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். மெஷின் முதுகில் ஒரு ஊக்கை டேப் போட்டு ஒட்டி, அதன் வளையம் வழியாக நூலை எடுத்தோம். சொம்பு நகராமல் இருக்க அடியில் ஈரத் துணி. ஊசி 14, புதிது. பாபினில் அடித்துணி நிறத்தில் 40/2. தையல் நீளம் 3 மில்லி. மேல் டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, துண்டுத் துணியில் ஓட்டி, கீழ் நூல் மேலே புள்ளியாக எட்டிப் பார்ப்பது நிற்கும்வரை சரிபார்த்தோம். ஐந்தாவது துண்டில் நின்றது.

நூல் எவ்வளவு செலவாகும் என்று மாமி கேட்டார். குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் தையலையும் ஒட்டி ஓட்டினால் சுமார் 88 மீட்டர் தையல். மேலும் கீழுமாகச் சேர்த்து நூல் அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பிடிக்கும், 220-லிருந்து 260 மீட்டருக்குள். நாலு மாத உழைப்புக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. நூலில் மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மாமியின் டின்னில் இருந்த பழைய மரக்கட்டை ரீல் பருத்தி நூல்களை அப்படித்தான் தூக்கிப் போடச் சொன்னேன். ஜன்னலோர அலமாரியில் வருடக்கணக்கில் வெயில் பட்டவை, கையால் லேசாக இழுத்தாலே டக்கென்று அறுந்தன. போடவில்லை. பட்டன் தைக்க ஆகும் என்று திரும்பவும் டின்னுக்குள் போய்விட்டது.

பிறகு

ஆவணியில் மேல் தையல் முடிந்தது. நூல் இரண்டே முறை அறுந்தது, இரண்டு தடவையும் மார்ஜின்கள் மூன்று நாலு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தடித்த மூலைகளில். அங்கே மோட்டாரை நிறுத்திக் கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்டச் சொன்னேன். விரிப்பு இதுவரை ஆறு முறை துவைத்தாகிவிட்டது. லுங்கித் துண்டுகள் கொஞ்சம் சுருங்கிச் சுற்றிலும் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கிறது, அது குவில்ட்டுக்கு அழகுதான். பார்டரில் ஒரு இடத்தில் இரண்டு இஞ்ச் தையல் விட்டிருந்தது. பாபின் தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார்.

ஓரப்பட்டியை மட்டும் மெஷினில் மடிக்காமல் கையால் தைக்கலாம் என்று மாமியே முடிவு செய்தார். சுற்றளவு ஏழு மீட்டர் சொச்சம். அதற்கு நியூ ஜெர்சி ரீலை எடுத்துக்கொண்டார். பூச்சு நூல் சிக்கே விழாமல் வழுக்கிப் போயிற்று, இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிட்டார். மிச்ச நூலில் என் அறை வாசல் திரைக்குக் கீழ்மடிப்பும் தைத்துக் கொடுத்தார்.